லீக்ஸில் என்ன கோளாறு? கண்ணில் படுவதை வைத்துக் காரணம் பிடிப்பது

வெங்காயக் குடும்பத்துப் பயிரான லீக்ஸ் பற்றிய கேள்விகள் என்னிடம் பெரும்பாலும் செப்டெம்பருக்குப் பிறகுதான் வருகின்றன. அதற்குள் காரணம் நடந்து முடிந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். மார்ச்சில் விதை போட்டால் இலையுதிர் காலத்திலிருந்து அடுத்த ஏப்ரல் வரை மண்ணிலேயே நிற்கும், வேண்டும்போது போய் ஒன்றிரண்டு பிடுங்கிக்கொண்டு வரலாம், உறைபனிக்கும் சாகாது. ஆனால் மெதுவாக வளரும் பயிர் என்பதால் தன் குறையையும் மெதுவாகத்தான் காட்டும். ஆகவே இலையில் எதையாவது கண்டால் மருந்து தேடுவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய் யோசியுங்கள்: எப்போது நட்டோம், அந்த மாதம் மழை இருந்ததா, கடைசியாக எப்போது பசளை போட்டோம், போன வருடம் அதே பாத்தியில் என்ன நின்றது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நான் பயிர் செய்வது லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு அலொட்மென்ட் துண்டில், அதாவது பயிர் செய்ய வாடகைக்குக் கொடுக்கும் சின்ன நிலத்தில். ஸ்கொட்லாந்துப் பக்கம் இருப்பவர்கள் நான் சொல்லும் வசந்தகாலத் தேதிகளை இரண்டு மூன்று வாரம் பின்தள்ளிக்கொள்ள வேண்டும்.

விதை முளைக்கவே இல்லை

முதலில் விதைப் பைக்கட்டின் பின்பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். வெங்காயக் குடும்பத்து விதைக்கு ஆயுள் குறைவு, தக்காளி விதையைப் போல நாலைந்து வருடம் அலுமாரியில் வைத்து எடுக்க முடியாது. இரண்டாவது வருடம் ஓரளவுக்கு முளைக்கும், அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. விதை புதிது என்றால் குளிர்தான் காரணமாக இருக்கும்; மண் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அது அசையாது. சன்னலோரத்தில் 15 பாகை அளவில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில், மெல்லிய பச்சை நூலை மடித்துச் செருகியது போல ஒரு கொக்கி மண்ணுக்கு மேலே வரும், நிமிரும்போது அதன் நுனியில் கறுப்பு விதைத் தோல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தோலை விரலால் பிடித்து இழுக்காதீர்கள், தானாக விழும். கொக்கி வந்ததும் வெளிச்சம் கூடிய, சூடு குறைந்த இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஹீட்டருக்கு மேலேயே விட்டால் நீண்டு மெலிந்து சாய்ந்துவிடும்.

நட்ட மறுநாள் கன்றுகள் வெளியே கிடக்கின்றன

வேரோடு முழுதாகக் கிடந்தால் பறவை, அநேகமாகக் கருங்குருவி. ஈர மண்ணில் புழு தேடும்போது இழுத்துப் போட்டிருக்கும். திரும்ப அதே குழியில் வைத்துவிட்டு இரண்டு வாரத்துக்கு வலை போடுங்கள், கன்றுக்கு ஒன்றும் ஆகாது. மண் மட்டத்தில் அறுபட்டுக் கிடந்தால் நத்தை வேலை, இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் வழி. அப்புறம், நட்ட முதல் வாரம் இலை தொய்ந்து தரையில் படுத்திருந்தால் பயப்பட வேண்டாம். லீக்ஸ் அப்படித்தான், வேர் பிடித்ததும் எழும்பும்.

இரண்டு மாதமாகியும் பென்சில் தடிப்பைத் தாண்டவில்லை

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான், காரணமும் ஒன்றல்ல.

முதல் காரணம் நட்ட நாள். நாற்று பென்சில் தடிப்பும் 20 செ.மீ. உயரமும் வந்ததும், ஜூன் முடிவதற்குள், கூடிப்போனால் ஜூலை நடுப்பகுதிக்குள் இறுதி இடத்துக்குப் போய்விட வேண்டும். உருளைக்கிழங்கு கிண்டிய பிறகு அந்த இடத்தில் வைப்போம் என்று நாற்றைச் சின்னச் சாடியில் ஓகஸ்ட் வரை நெருக்கமாக வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். யோசனை நல்லதுதான், உருளைக்கிழங்கு நின்ற மண் இளகி லீக்ஸுக்கு வாகாக இருக்கும். ஆனால் அதற்கு முதல் அறுவடைக் கிழங்காக இருக்க வேண்டும், ஜூன் கடைசியில் எடுத்துவிட வேண்டும். பிந்திப் போகும் கிழங்கு என்றால் லீக்ஸுக்கு வேறு இடம் பாருங்கள்.

இரண்டாவது இடைவெளி. ஒரு குழிக்கு ஒரு கன்று, கன்றுக்குக் கன்று 15 செ.மீ., நிரைக்கு நிரை 30 செ.மீ. பாவமாக இருக்கிறது என்று மூன்று நாற்றை ஒன்றாக இறக்கினால் மூன்றும் மெலியும். சின்னதாகவே பிடுங்கிச் சாப்பிடுவது நோக்கம் என்றால் அது வேறு கதை, அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது தண்ணீர். லீக்ஸின் வேர் ஆழமாகப் போகாது, அதனால் மேல்மண் காய்ந்தால் உடனே நின்றுவிடும். 2022 ஜூலையில் இங்கே வெயில் 40 பாகையைத் தாண்டியதே, அந்தக் கோடையில் என் லீக்ஸ் ஏழு வாரம் ஒரு இலை கூடக் கூடவில்லை. நான் தினமும் பின்னேரம் பூவாளியால் மேலாகத் தெளித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் பாத்தியின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தபோதுதான் மேலே ஒரு அங்குலம் மட்டும் ஈரம், அதற்குக் கீழே மண் மாவு மாதிரி இருந்தது தெரிந்தது. அதன் பிறகு தினம் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கன்றின் அடியிலும் நின்று நிதானமாகக் கீழே இறங்கும்வரை ஊற்றினேன். செப்டெம்பரில் மழையும் சேர்ந்துகொள்ள, நின்ற பயிர் மறுபடி எழும்பியது. வறட்சியில் நின்றுபோன லீக்ஸ் செத்ததாக அர்த்தம் இல்லை, பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

பசளையைப் பொறுத்தவரை, நடுவதற்கு முன் மக்கிய எருவோ கூட்டுப் பசளையோ தாராளமாகக் கலந்துவிட்டு, ஜூலையில் ஒருதரம் தழைச்சத்து கொடுத்தால் போதும். ஓகஸ்ட் முடிந்தபின் தழைச்சத்து வேண்டாம். செப்டெம்பரில் கோழி எரு உருண்டைகளைப் போட்டால் இலை பார்க்க வடிவாகத்தான் வரும், ஆனால் அந்த மெல்லிய சதை உறைபனியையும் ரஸ்ட் என்ற இலை நோயையும் தாங்காது.

சரி, ஒக்டோபர் வந்துவிட்டது, இன்னும் விரல் தடிப்புத்தான் என்றால்? பின்பருவ வகையாக இருந்தால் அப்படியே விடுங்கள். குளிர்காலம் முழுக்கச் சும்மா நின்றுவிட்டு மார்ச்சில் பகல் நீளும்போது ஒரு சுற்றுப் பருக்கும்.

வெள்ளைப் பகுதி கட்டையாக இருக்கிறது

வெள்ளையாக இருப்பது தண்டு அல்ல, வெயில் படாமல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இலைமடல்கள். எவ்வளவு ஆழம் மறைக்கிறீர்களோ அவ்வளவு வெள்ளை. ஒரு தடியால் 15 செ.மீ. ஆழத்துக்குக் குத்துங்கள். நான் பழைய மண்வெட்டிப் பிடியைக் கூராக்கி வைத்திருக்கிறேன், ஊரில் அலவாங்கால் கிடங்கு போடுவது போல ஒரு குத்து, ஒரு ஆட்டு. கன்றை உள்ளே இறக்கி, குழியை மண்ணால் நிரப்பாமல் தண்ணீரால் நிரப்பிவிட்டு வந்துவிடுங்கள். தண்ணீர் வேரைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், மீதி இடம் தண்டு பருக்கப் பருக்க அடையும். வேர் நீளமாகச் சிக்குண்டு குழிக்குள் இறங்க மறுத்தால் கத்தரிக்கோலால் 3 செ.மீ. அளவுக்கு வெட்டிவிடலாம். இலை நுனியையும் வெட்டச் சொல்வார்கள், நான் வெட்டுவதில்லை, அதனால் ஒரு நட்டமும் கண்டதில்லை.

மண் அணைப்பதென்றால் செப்டெம்பரில் கொஞ்சம் கொஞ்சமாக, காய்ந்த மண்ணாக. வகையிலும் விஷயம் இருக்கிறது: மஸல்பரோ என்ற பழைய ஸ்கொட்லாந்து வகை இயல்பிலேயே கட்டையாகவும் தடிப்பாகவும் வரும், கிங் ரிச்சர்ட் நீளமாக மெல்லியதாகப் போகும். மஸல்பரோவைப் போட்டுவிட்டு நீளத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இலையில் செம்மஞ்சள் பொட்டுகள்

விரலால் தடவிப் பாருங்கள். மஞ்சள் தூளில் மிளகாய்த்தூள் கலந்தது போல ஒட்டினால் அது ரஸ்ட் என்ற பூஞ்சணம். உள்ளிக்கும் (பூண்டு) இதே நோய் வரும், ஜூனில் உள்ளிப் பாத்தியில் கண்டால் பக்கத்து லீக்ஸுக்கும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் பரவுவதால் முழுதாகத் தடுக்க முடியாது, வீட்டுத் தோட்டக்காரருக்கென்று இங்கே இதற்கு மருந்தும் விற்பதில்லை. நெருக்கத்தைக் குறைத்து, தழைச்சத்தைக் கட்டுப்படுத்தி, பொட்டாசியம் குறையாமல் பார்த்து, மோசமான வெளி இலைகளை மட்டும் எடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள். எல்லா இலையையும் உரித்துவிட்டால் நோயை விட நீங்கள் செய்த சேதம் பெரிதாகிவிடும். ஒக்டோபரில் குளிர் இறங்க, உள்ளிருந்து வரும் புது இலை பெரும்பாலும் சுத்தமாகவே வரும். நோய் கண்ட லீக்ஸை வெளிமடலை நீக்கிவிட்டு யோசிக்காமல் சமைக்கலாம்.

இலை முறுகி, வெடித்து, உள்ளே சுரங்கம்

இதில் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். தென் இங்கிலாந்தில் இரண்டு பூச்சிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தோற்றத்தை உண்டாக்குகின்றன, ஆனால் பரிகாரம் வேறு.

இலையில் வெள்ளைத் திட்டு, ஓட்டை, நடுக்குருத்தில் ஈரமான கழிவு, பிரித்துப் பார்த்தால் தவிட்டுநிறத் தலையோடு ஒரு சென்டிமீட்டர் அளவில் வெளிறிய புழு என்றால் அது லீக் மொத் என்ற அந்துப்பூச்சியின் புழு. இலையின் மேல் வலைப்பின்னல் போட்ட சின்னக் கூடும் தெரியும், அதை நசுக்கிவிடலாம். மே, ஜூனில் ஒரு தலைமுறை, ஓகஸ்டிலிருந்து ஒக்டோபர் வரை இன்னொன்று. ஜூலையில் இளம் பயிர் மோசமாகத் தாக்கப்பட்டால் மண்ணுக்கு மேல் 3 செ.மீ. விட்டு மொத்தமாக வெட்டிவிடுங்கள். கை கூசும், ஆனால் அடிக்குருத்துக்குப் புழு இறங்கியிராவிட்டால் மறுபடி துளிர்க்கும், நான் இரண்டு தடவை செய்து பயிரைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அலியம் லீஃப் மைனர் என்ற ஈ வேறு. பிரித்தானியாவில் இது முதன்முதலில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் பழைய தோட்டப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. அதன் முதல் அடையாளத்தைத் தெரிந்துகொண்டால் பெரிய உதவி: இலை நுனிப் பக்கம், தையல் மெஷினில் நூல் இல்லாமல் ஓட்டியது போல, ஒரே நேர்கோட்டில் வெள்ளைப் புள்ளிகள். பெண் ஈ இலையைக் குத்திச் சாறு குடித்த தடம் அது. அதன் பிறகு புழு இலையைக் குடைந்துகொண்டு கீழே தண்டுக்கு இறங்கும், இலை சுருண்டு திருகும், தண்டு நீளப்பாட்டில் வெடிக்கும். டிசம்பரில் அப்படி ஒன்றைப் பலகையில் வைத்து வெளிமடலை உரித்தேன். முதல் மடலில் தவிட்டுநிறக் கோடு, இரண்டாவதில் இன்னும் இரண்டு கோடு, மூன்றாவதை விலக்கியபோது வெள்ளைச் சதைக்குள் சிவப்பரிசிக் குறுணி போல வரிசையாக எட்டுக் கூட்டுப்புழுக்கள் பதிந்திருந்தன. விரலால் தள்ளினால் வழுக்கி உருண்டன. அந்த ஒரு லீக்ஸில் மட்டும் எட்டு.

ஈ பறக்கும் காலம் மார்ச்–ஏப்ரல், பிறகு ஒக்டோபர்–நவம்பர். மேலே சொன்ன அந்துப்பூச்சியின் காலத்தையும் சேர்த்தால், நட்ட நாளிலிருந்து நவம்பர் கடைசி வரை பூச்சிவலைக்குள் வைப்பதும், மார்ச்சில் மிச்சம் நிற்பவற்றை மறுபடி மூடுவதும்தான் நம்பிக்கையான வழி. பறவை வலை இதற்கு உதவாது, கண் மிக நெருங்கிய பூச்சிவலை வேண்டும். வளைத்த குழாய்களின் மேல் போட்டு இலையில் தொடாமல் நிறுத்துங்கள், தொட்டுக்கொண்டிருந்தால் வலைக்கு வெளியே இருந்தே முட்டையிடும். ஓரங்களை மண்ணில் புதையுங்கள். போன வருடம் வெங்காயமோ உள்ளியோ லீக்ஸோ நின்ற பாத்தியில் வலை போட்டால் மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழு வலைக்குள்ளேயே ஈயாக வெளிவரும், அதாவது ஈயைப் பயிரோடு சேர்த்து அடைத்து வைத்ததாகிவிடும். இடம் மாற்றாமல் வலையால் பயனில்லை.

தாக்கப்பட்ட கழிவை வீட்டுக் கூட்டுப் பசளைக் குவியலில் போட வேண்டாம், அந்தச் சூடு கூட்டுப்புழுவைக் கொல்லப் போதாது. கவுன்சில் எடுக்கும் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

நுனி வெள்ளையாகக் காய்கிறது

கோடையில் நுனி மட்டும் கொஞ்சம் காய்ந்தால் தண்ணீர்க் குறைவு. இலை முழுக்க வெள்ளி பூசியது போலச் சின்னக் கீறல்கள் இருந்தால் த்ரிப்ஸ் என்ற மிகச் சின்னப் பூச்சி, வறண்ட வெயிலில் வரும், மழை வந்தால் குறையும். மழைக்காலத்தில், நவம்பர் வாக்கில், நுனியிலிருந்து காகிதம் போல வெளுத்து அதற்குக் கீழே நீர் கோத்தது போலத் தெரிந்தால் வைட் டிப் நோய். மண்ணில் இருந்து மழைத்துளி தெறித்து ஏறுவது இது. கண்ட இலைகளை எடுத்துவிட்டு நிரைகளுக்கு நடுவே வைக்கோல் பரப்புங்கள்.

அடிப்பாகம் அழுகி, வெள்ளைப் பஞ்சு

பிடுங்கும்போது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்து, அடியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணமும் அதில் கசகசா அளவுக்குக் கறுப்பு மணிகளும் இருந்தால் வைட் ரொட் என்ற அழுகல் நோய். கவலைப்பட வேண்டிய ஒன்று இது, அந்த மணிகள் மண்ணில் 20 வருடம் வரை உயிரோடு இருக்கும். வெங்காயத்தையும் உள்ளியையும் விட லீக்ஸ் கொஞ்சம் தாங்கும் என்றாலும் அந்தப் பாத்தியில் இனி இந்தக் குடும்பமே வேண்டாம். அங்கே கிண்டிய மண்வெட்டியையும் சப்பாத்தையும் கழுவிவிட்டே அடுத்த பாத்திக்குப் போங்கள்.

நடுவில் கெட்டியான தண்டு

குறுக்கே வெட்டினால் நடுவில் மரக்குச்சி மாதிரி வட்டமான ஒன்று இருக்கும், அது பூந்தண்டு. லீக்ஸ் இரண்டு வருடப் பயிர், ஒரு குளிரைக் கடந்ததும் பூக்க நினைக்கும். ஏப்ரல் கடைசியில் இது வந்தால் இயற்கை. ஓகஸ்டிலேயே வந்தால், பெப்ரவரியில் விதைத்த நாற்று வெளியே வைத்தபின் நீண்ட குளிரில் அகப்பட்டிருக்கிறது, ஒரு குளிர்காலம் போய்விட்டது என்று கணக்குப் போட்டிருக்கிறது. அடுத்த முறை அந்த முதல் விதைப்பை மட்டும் மே நடுப்பகுதி வரை குளிர் படாமல் வையுங்கள். வந்துவிட்டதை நீளப்பாட்டில் பிளந்து நடுக்குச்சியை இழுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சூப்புக்கோ பால்கறிக்கோ போடலாம்.

கிறிஸ்மஸோடு எல்லாம் முடிந்துவிடுகிறது

இதை நோயாக யாரும் எண்ணுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய குறை, ஏனென்றால் பெப்ரவரி, மார்ச்சில் தோட்டத்தில் வேறு எதுவும் இல்லாதபோதுதான் லீக்ஸின் அருமை தெரியும். பெரும்பாலும் ஒரே ஒரு பைக்கட் வாங்கியிருப்பார்கள், அதுவும் கிங் ரிச்சர்ட் போன்ற முன்பருவ வகை. அதற்குக் கடும் உறைபனியைத் தாங்கும் பலம் இல்லை. மூன்று வகை வேண்டும். பெப்ரவரி கடைசியில் வீட்டுக்குள் விதைத்து செப்டெம்பர், ஒக்டோபரில் எடுக்கக் கிங் ரிச்சர்ட். மார்ச், ஏப்ரலில் விதைத்து நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை எடுக்க மஸல்பரோ. அதோடு ஏப்ரலில் விதைத்து ஜனவரிக்குப் பிறகு கை வைக்கப் பாண்டிட் அல்லது ப்ளூ டு சொலெய்ஸ். கடைசி இரண்டின் நிறத்தைப் பார்த்தாலே குளிர் தாங்கும் என்று தெரியும், இலை நீலம் பாரித்திருக்கும், சொலெய்ஸ் உறைபனியில் ஊதாவுக்கே போகும்.

கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று வீதம் 30 வாரத்துக்கு 90 கன்று. 3 மீட்டர் நிரையில் 20 நிற்கும் என்றால் ஐந்து நிரை. முன்பருவ நிரையை மட்டும் 8 செ.மீ.க்கு ஒன்றாக நெருக்கி நட்டு, ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒன்று விட்டு ஒன்று சின்னதாகப் பிடுங்கினால், மிஞ்சியவற்றுக்கு இடமும் கிடைக்கும், உங்களுக்கு அறுவடை ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கும். எப்போதும் பெரியதைத் தேடித் தேடிப் பிடுங்காமல் நிரையின் ஒரு முனையிலிருந்து எடுத்துக்கொண்டு போவது நல்லது, வலையைத் திறந்து மூடவும் சுலபம்.

பிடுங்கினால் முறிகிறது, நிலம் கல்லாகிவிட்டது

இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோட்ட ஃபோர்க்கைப் பக்கத்தில் ஆழமாக இறக்கி நெம்பினால் முழுதாக வரும். நிலம் உறையப் போகிறது என்று வானிலையில் சொன்னால் அன்றைக்கே பத்துப் பன்னிரண்டைக் கிளப்பி, குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாடியில் ஈர மண்ணுக்குள் சாய்த்துப் புதைத்துவிடுங்கள். மூன்று நான்கு வாரம் அப்படியே இருக்கும்.

இடுக்கெல்லாம் மண்

இலை பிரியும் இடத்துக்கு மேலே மண் அணைத்ததன் பலன். அடுத்த முறை அந்தக் கணுவுக்குக் கீழேயே நிறுத்துங்கள். இப்போதைக்கு வேர்ப்பக்கம் இரண்டு அங்குலம் விட்டு மேல்நோக்கி நீளமாகக் கீறி, வேர் மேலே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் மடல் மடலாக விரித்துக் கழுவுங்கள், மண் கீழ்நோக்கிப் போய்விடும். பச்சை இலையை எறிய வேண்டாம். இலங்கையில், மலைநாட்டு நுவரெலியாவிலிருந்து ஊருக்கு வந்த லீக்ஸ் பச்சையோடுதான் வரும், அம்மா முழுவதையும் மெல்லியதாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வறைதான் வைப்பா. இங்கே கடையில் பாதிப் பச்சையை வெட்டிவிட்டு விற்கிறார்கள். வீட்டில் விளைந்ததில் அந்த இழப்பு இல்லை.

ஏப்ரலில் பாத்தி வேண்டும், லீக்ஸ் இன்னும் நிற்கிறது

மிச்சம் எல்லாவற்றையும் மார்ச் கடைசியிலேயே கிளப்பி, வேலியோரம் நிழல் விழும் இடத்தில் ஒரு ஆழமான சால் கிண்டி, நெருக்கமாகச் சாய்த்து அடுக்கி மண்ணால் மூடி, பூச்சிவலையையும் மேலே போட்டுவிடுங்கள். வேர் குழம்பியதால் பூந்தண்டு விடுவது பிந்தும். போன வருடம் என்னுடைய கடைசி நான்கையும் மே இரண்டாவது வாரம் அப்படித்தான் எடுத்தேன். மூன்றில் நடு மென்மையாகவே இருந்தது, ஒன்றில் மட்டும் நடுக்குச்சி வந்திருந்தது.